சாத்தும் நீர்மூழ்கியும்: ஒரு திரைப்படமும் பினாங்குத் துறையும்

'சாத்து' என்னும் சொல் இன்று பேச்சு வழக்கில் இல்லை. எனினும் தமிழாசிரியர் எவரும் அதனை மறந்திரார். வணிகர் பலர் ஒருங்கு கூடிப் பண்டங்களை ஏற்றிக்கொண்டு, காவலுடன் வழிநடக்கும் கூட்டமே சாத்தாகும். மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்தினைப் பெரும்பாணாற்றுப்படை காட்டும். மாசாத்துவான் என்னும் பெயர் பெருஞ்சாத்தின் தலைவன் எனப் பொருள்படும். மாநாய்கன் கடலோடும் வாணிகத்தில் தலைநின்றவன். நிலவழிச் சாத்தும் நீர்வழி நாவாயும் சம்பந்தம் செய்துகொண்ட திருமணமே கோவலன் கண்ணகி திருமணம் என்று வகுப்பிலே சொன்னால் மாணவர் எளிதில் மறவார்.

வழியிலே கள்வர் உண்டு என்பதனாலேதான் சாத்து உண்டாயிற்று. கடலிலும் அவ்வாறே. 'கான்வாய்' என்று ஆங்கிலத்தார் கூறும் காவற் கப்பற் கூட்டத்திற்குக் 'கலச்சாத்து' என்பது பொருத்தமான பெயராகும். இக்கட்டுரையில் அச்சொல்லே ஆளப்படுகின்றது. கலச்சாத்தை மறைந்திருந்து தாக்கும் கள்வனுக்கு நீர்மூழ்கி என்று பெயர்.

இவ்விரண்டிற்கும் நிகழ்ந்த போராட்டத்தைப் பொருளாகக் கொண்ட திரைப்படங்கள் பல. அவற்றுள் தலையாயது 1953-ஆம் ஆண்டில் ஈலிங் நிறுவனத்தார் வெளியிட்ட 'தி க்ரூயல் சீ'. 'கொடுங்கடல்' என்று அதனைத் தமிழில் சொல்லலாம். நிக்கலஸ் மான்சராட் 1951-இல் வெளியிட்ட நாவலே அதன் மூலம். அவர் அட்லாண்டிக் கடலில் காவற் கப்பல்களில் பணிபுரிந்தவர். கேட்டறிந்த கதையை அன்று, பட்டறிந்த கதையை எழுதினார். சார்ல்ஸ் ஃபிரெண்ட் இயக்கினார். எரிக் ஆம்ப்ளர் திரைக்கதை அமைத்தார். ஜாக் ஹாக்கின்ஸ் தலைவன் எரிக்சனாக நடித்தார். 'காம்ப்பஸ் ரோஸ்' என்னும் சிறு காவற் கப்பலே கதையின் உண்மைத் தலைவி எனலாம். 2020-இல் வெளிவந்த 'கிரேஹவுண்ட்' என்னும் படமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஸி. எஸ். ஃபாரெஸ்டர் 1955-இல் எழுதிய நாவலைத் தழுவி டாம் ஹாங்ஸ் அதன் திரைக்கதையை எழுதி நடித்தார். அதில் விரைவு மிகுதி. ஆனால் மனத்தில் நிலைப்பது பழைய படமே.

அப்படத்தின் கடல் அட்லாண்டிக். ஆனால் அதன் நடுநாயகமான காட்சி, பினாங்கிலிருந்து புறப்பட்ட ஒரு நீர்மூழ்கியின் வரலாற்றில் ஏறத்தாழ அவ்வாறே நிகழ்ந்தது. அதனை அறிந்துகொள்ளுமுன் கலச்சாத்தின் இயல்பைச் சிறிது தெளிதல் வேண்டும்.

கப்பல்களையெல்லாம் ஒன்றாகக் கூட்டி அனுப்பினால் பகைவனுக்கு எளிதாகிவிடாதா என்பதே எவருக்கும் முதலில் எழும் ஐயம். முதல் உலகப் போரின்போது ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பலரும் இவ்வாறே கருதினர். 1917 ஏப்ரல் ஒரு திங்களில் மட்டும் எட்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் மூழ்கிய பின்னரே அவர்கள் மனம் மாறினர். கடல் மிகப் பரந்தது. நாற்பது கப்பல்கள் நாற்பது வழியிற் சென்றால், காத்திருக்கும் நீர்மூழ்கிக்கு நாற்பது வாய்ப்புகள். நாற்பதும் ஒருங்கு சென்றால் அவனுக்கு ஒரே வாய்ப்பு. அதனைத் தவறவிட்டால் அடிவானம் வரை வெறுங்கடலே. அவ்வொரு வாய்ப்பும் கிட்டினாலும், இரண்டொரு கப்பலைத் தாக்குவதற்குள் காவற் கப்பல்கள் அவன்மேல் பாய்ந்துவிடும்.

இதில் ஒரு கணக்கும் உண்டு. நூறு அடிச் சதுரமான தோட்டத்திற்கு வேலி நானூறு அடி. பரப்பு பதினாயிரம் சதுர அடி. பக்கத்தை இருநூறு அடியாக்கினால் வேலி எண்ணூறு அடி, பரப்போ நாற்பதாயிரம். பரப்பு நான்கு மடங்காகும்போது வேலி இரண்டு மடங்குதான் ஆகின்றது. கலச்சாத்தும் அத்தகையதே. கப்பல்களின் எண்ணிக்கை பெருகும் அளவிற்குக் காவற் கப்பல்கள் பெருக வேண்டுவதில்லை. பெரிய சாத்தே காப்பு மிக்கது என்பதை இரண்டாம் உலகப் போரின் நடுவிலே பிளாக்கெட் என்னும் பௌதிக அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். மாலுமிகளின் உள்ளுணர்வு கூறியதற்கு இது நேர்மாறானது. ஐந்தாம் வகுப்பு மாணவன் போடும் கணக்கு ஒன்று ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தது என்றால் மிகையாகாது.

இனி, காவற் கப்பல் நீருக்கடியில் உள்ள பகைவனைக் காண்பது எவ்வாறு? காண்பதில்லை, கேட்கின்றது. 'ஆஸ்டிக்' என்னும் கருவி நீருக்குள் ஒலித்துடிப்பை அனுப்பும். அது நீர்மூழ்கியின் உடலில் பட்டு எதிரொலியாகத் திரும்பும். நீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். எதிரொலி வர இரண்டு விநாடி ஆயின், போக ஒன்று, வர ஒன்று. பகைவன் 1,500 மீட்டரில் உள்ளான். பின்னர் அவ்விடத்தின்மேல் கப்பலைச் செலுத்திப் பீப்பாய் வடிவான ஆழ்வெடிகளைப் பின்புறமிருந்து உருட்டுவர். அவை குறித்த ஆழத்தில் நீரின் அழுத்தத்தால் தாமே வெடிக்கும்.

இக்கருவிக்கு இரு குறைகள் உண்டு. எதிரொலியை எழுப்பியது யாது என்பதை அது சொல்லாது. நீர்மூழ்கியாகவும் இருக்கலாம்; மூழ்கிக்கொண்டிருக்கும் கப்பலின் உடலாகவும் இருக்கலாம்; மீன் கூட்டமாகவும் இருக்கலாம். மற்றொன்று, மிக நெருங்கியவுடன் எதிரொலி அறுந்துவிடும். அதன்பின் ஆழ்வெடி வெடிக்கும் வரையுள்ள இடைவெளியில் காவற் கப்பல் கண்ணும் செவியும் இழந்த நிலையில் உள்ளது. ஆகவே, தொடர்பு கிட்டியவுடன் தயங்காது தாக்குதல் வேண்டும் என்பது அக்கப்பல் தலைவர்களுக்குப் பயிற்றப்பட்ட முதற் பாடம்.

'கொடுங்கடல்' படத்தின் காட்சி இதுவே: கப்பல் ஒன்று தாக்குண்டு மூழ்கிவிட்டது. அதன் மாலுமிகள் நீரில் தத்தளிக்கின்றனர். காம்ப்பஸ் ரோஸ் நெருங்குவதைக் கண்டு தம்மைக் கரையேற்ற வருகின்றது என்று கையசைக்கின்றனர். அந்நேரம் ஆஸ்டிக்கில் எதிரொலி கேட்கின்றது. அதுவும் அவர்கள் நீந்தும் இடத்திற்கு நேர் கீழே. எரிக்சன் தாக்குமாறு ஆணையிடுகின்றான். நீர் அமுங்கும் இயல்பினது அன்று. வெடியின் அதிர்ச்சியை அப்படியே கடத்தும். நீரிலுள்ள மனிதன் உடலில் வெளிக்காயம் இல்லாமலே உள்ளுறுப்புகள் சிதையும். கையசைத்தவர் எவரும் எஞ்சவில்லை. கீழே நீர்மூழ்கி இருந்ததா? படம் சொல்லவில்லை.

அட்லாண்டிக் கடலை விட்டு இனிப் பினாங்கிற்கு வருவோம்.

பினாங்குத் துறை கடற்போருக்குப் புதியதன்று. 1914 அக்டோபர் 28 அன்று விடியலில் ஜெர்மானிய 'எம்டன்' இத்துறையிற் புகுந்து, நங்கூரமிட்டிருந்த ருசியப் போர்க்கப்பல் 'ஜெம்சுக்'கையும், துறைக்கு வெளியே 'முஸ்கே' என்னும் பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்தது. அதற்கு ஒரு திங்களுக்கு முன்புதான் அது சென்னையில் குண்டு வீசியது. 'அவன் பெரிய எம்டன்' என்னும் பேச்சு வழக்கு அதனால் வந்ததே. தனிக் கப்பல்களை வேட்டையாடியே பெயர் பெற்ற எம்டன் எவ்வாறு முடிந்தது என்பதைப் பலர் அறியார். ஆஸ்திரேலிய, நியூஸிலாந்துப் படைகளை ஏற்றி வந்த முப்பதுக்கு மேற்பட்ட கப்பல்கள் கொண்ட சாத்து ஒன்றின் காவற் கப்பலான 'சிட்னி', சாத்திலிருந்து பிரிந்து சென்று, நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவருகே அதனை அழித்தது.

இரண்டாம் உலகப் போரில் பினாங்கு வேட்டைக்காரனின் குகையாகவே மாறியது. 1941 டிசம்பரில் தீவைக் கைப்பற்றிய ஜப்பானியர், அடுத்த ஆண்டில் அதனை நீர்மூழ்கித் தளமாக்கினர். இந்து மாக்கடலுக்கு வாயில் போல் அமைந்திருப்பதும், ஆழமான துறையும், சுவெட்டன்ஹாம் துறைமேடையும் அவர்களுக்கு ஏற்றனவாய் இருந்தன. 1943-இல் ஜெர்மானிய நீர்மூழ்கிகளும் வந்து சேர்ந்தன. அவற்றிற்குப் 'பருவக்காற்றுப் பிரிவு' எனப் பெயரிட்டனர்; கடலோடிகளான நம் முன்னோர் அறிந்த அதே காற்று. ஐரோப்பாவிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்த அவற்றுள் வழியிலே அழிந்தவை பல.

அவை வெறுங்கையுடன் திரும்பவில்லை. ஜெர்மனிக்கு இல்லாத ரப்பர், ஈயம், வுல்ஃப்ரம், கொயினா ஆகியவற்றை ஏற்றிச் சென்றன. யூ-178 என்னும் நீர்மூழ்கி 1943 நவம்பரில் பினாங்கிலிருந்து இத்தகைய சரக்குடன் புறப்பட்டு, 1944 மே மாதம் பிரான்சின் போர்டோ துறையை அடைந்தது. மலாயாத் தோட்டங்களில் வெட்டிய பால், தமிழ்த் தொழிலாளர் உழைப்பின் பயன், அட்லாண்டிக்கின் அடியிலே பயணம் செய்தது. தோட்டத்து மக்களோ அந்நாளில் அரிசி காணாமல் மரவள்ளிக் கிழங்கு தின்றுகொண்டிருந்தனர்.

ஐ-27 என்பது பினாங்கைத் தளமாகக் கொண்டிருந்த ஜப்பானியப் பெரு நீர்மூழ்கிகளுள் ஒன்று. 1944 பிப்ரவரி முதல் வாரத்தில் அது இத்துறையை விட்டு மேற்கே புறப்பட்டது. அதே வாரத்தில் ஆப்பிரிக்காவின் மொம்பாசாத் துறையிலிருந்து கொழும்பு நோக்கிக் கலச்சாத்து ஒன்று கிழக்கே புறப்பட்டது. அதில் 'கெதீவ் இஸ்மாயில்', 'சிட்டி ஆஃப் பாரிஸ்', 'வர்சோவா', 'எக்மா', 'எல்லெங்கா' என ஐந்து படையேற்றக் கப்பல்கள். இறுதியிற் கூறிய மூன்றும் நம்மவர் நன்கறிந்த பி.ஐ. கம்பெனிக் கப்பல்கள், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கிற்கு நம் பாட்டன்மாரை ஏற்றி வந்த அதே கம்பெனி. காவலுக்கு 'ஹாக்கின்ஸ்' என்னும் பழைய குரூசர் ஒன்றும், 'பெட்டார்டு', 'பலாடின்' என்னும் நாசகாரிகள் இரண்டுமே. (குரூசரின் பெயரும் பின்னாளில் எரிக்சனாக நடித்தவரின் பெயரும் ஒன்றாயிருப்பது தற்செயலே.) ஆயிரக்கணக்கான படையினரைச் சுமந்த ஐந்து கப்பல்களுக்கு இக்காவல் போதாது. இந்து மாக்கடலில் எப்போதும் அதே நிலைதான். நல்ல காவற் கப்பல்களையெல்லாம் அட்லாண்டிக் விழுங்கிக்கொண்டிருந்தது.

1944 பிப்ரவரி 12, சனிக்கிழமை பிற்பகல். இடம் மாலத்தீவுகளுக்கு அருகே. கெதீவ் இஸ்மாயிலில் 1,511 பேர் இருந்தனர். பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கப் பீரங்கிப் படையின் ஆடவர். செவிலியரும் கடற்படைத் துணைப் பெண்டிருமாக எண்பதுக்கு மேற்பட்ட மகளிரும் இருந்தனர். ஐ-27 ஏவிய டார்பிடோக்கள் இரண்டு அக்கப்பலைத் தாக்கின. ஒன்றிரண்டு மணித்துளிகளில் அது மூழ்கிற்று. படகு இறக்க நேரமில்லை. கீழ்த்தட்டில் இருந்தோர் மேலேறவும் நேரமில்லை.

ஏனைய நான்கு கப்பல்களும் சிதறி விலகின. அதுவே விதி, உயிர் காக்க நின்றால் நின்றவனும் மூழ்குவான். நாசகாரிகள் இரண்டும் திரும்பி வந்தன. பலாடின் படகிறக்கி, நீந்துவோரை மீட்கத் தொடங்கிற்று. பெட்டார்டு நீர்மூழ்கியைத் தேடிற்று. ஐ-27 தப்பியோடவில்லை. நீந்திக்கொண்டிருந்தோரின் அடியிலே சென்று பதுங்கிற்று.

இவ்விடத்தில் திரைப்படமும் வரலாறும் ஒன்றாகின்றன. பெட்டார்டின் தலைவர் ரூப்பர்ட் ஈகன். அவர் முன்னிருந்தவை இரண்டு. ஒரு புறம் கண்ணெதிரே உதவி வேண்டிக் கிடப்போர். மறுபுறம் அடிவானத்திற்கு அப்பால் காவலின்றிச் செல்லும் நான்கு கப்பல்கள். நீர்மூழ்கி எஞ்சினால் அக்கப்பல்களுக்கு உறுதியில்லை. மீட்புக்கு நின்ற பலாடினுக்குமே உறுதியில்லை. ஆழ்வெடிகள் வீசப்பட்டன. நீந்தியவரிற் சிலர் அவ்வதிர்ச்சியால் மாண்டனர்.

ஆழ்வெடியால் சேதமுற்ற ஐ-27 மேலே எழுந்தது. நாசகாரிகளின் பீரங்கிகள் அதன் தடித்த உடலைத் துளைக்கவில்லை. பலாடின் முட்டி உடைக்கப் பாய்ந்தது. வேண்டாவென்று பெட்டார்டு குறி காட்டவே கடைசி நொடியில் திரும்பிற்று. எனினும் நீர்மூழ்கியின் பக்கத் துடுப்பு அதன் அடிப்பகுதியை நீளக் கிழித்துவிட்டது. பின்னர் பெட்டார்டு ஒன்றன்பின் ஒன்றாக டார்பிடோக்களை ஏவிற்று, ஏழாவது தைத்தது. ஐ-27 தன் மாலுமிகள் ஏறத்தாழ நூறு பேருடன் அழிந்தது. கெதீவ் இஸ்மாயிலில் பிழைத்தவர் 208 ஆடவரும் 6 மகளிரும். மாண்டவர் 1,297 பேர்.

அவ்வாணை முறையானதா? போர்க்கல்வி பயின்றோர் ஆம் என்பர். கணக்கும் அவர் பக்கமே. கீழே நீர்மூழ்கி இருந்தது உண்மை. அது அழிந்ததும் உண்மை. நான்கு கப்பல்களும் பிழைத்தன. ஆயினும் இவ்வுண்மைகள் யாவும் பின்னர்த் தெரிந்தவை. ஆணை பிறந்த கணத்தில் ஈகனிடம் இருந்தது நம்பத்தக்க ஓர் ஊகமே. எரிக்சனிடம் இருந்ததும் அதுவே. விடை பிறகு சரியாக அமைந்ததனால் முன்பு எடுத்த முடிவு எளிதாயிற்று என்று கொள்ளலாகாது. திரைப்படத்தார் விடையை மறைத்து வைத்ததன் நுட்பம் இதுதான். நீர்மூழ்கி மிதந்து வருவதைக் காட்டியிருந்தால் பார்ப்போர் ஆறுதல் பெற்றிருப்பர். எரிக்சனின் துயரத்தை உணர்ந்திருக்கமாட்டார்.

படத்தில் ஒரு குறையும் உண்டு. அங்கே துயரம் முழுவதும் ஆணையிட்டவனுடையது. நீரிலிருந்தோருக்குப் பெயருமில்லை, பேச்சுமில்லை. கெதீவ் இஸ்மாயிலின் பீரங்கிப் படையினர் தமக்கு உறவில்லாத ஒரு போருக்காகப் பர்மா முனையை நோக்கிக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்கக் குடியானவர். அவர்கள் பக்கத்திலிருந்து இக்கதையைச் சொல்லும் படம் இன்னும் பிறக்க வேண்டும்.

சாத்தில்லாமற் சென்ற கப்பலின் கதி யாது என்பதற்கும் பினாங்கே சான்று தரும். 1944 மார்ச்சில் இத்துறையிலிருந்து சென்ற ஐ-8, மெல்போர்னிலிருந்து கொழும்புக்குத் தனியே சென்ற டச்சுக் கப்பல் 'ஜிசாலக்'கை 26-ஆம் நாள் மூழ்கடித்தது. படகுகளில் தப்பியோரை நீர்மூழ்கியின் மேல்தட்டிற்கு ஏற்றிக் கொன்றனர். சுமார் நூறு பேரில் பிழைத்தவர் ஐவரே. முன்பே தம் கப்பலை இழந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த இந்திய லஸ்கர் மாலுமிகளும் அதில் இருந்தனர். காவற் கப்பல் ஒன்றேனும் உடன் சென்றிருந்தால், நீர்மூழ்கி மேலே எழுந்து நின்று இக்கொடுமையைச் செய்ய நேரம் வாய்த்திராது.

பினாங்கு நீர்மூழ்கிகளுக்கு நம் வரலாற்றில் வேறொரு முகமும் உண்டு. 1942 செப்டம்பரில் இந்திய விடுதலை இயக்கத்தார் சிலர் இங்குப் பயிற்சி பெற்று நீர்மூழ்கியில் ஏறி மலையாளக் கரையில் இறங்கினர். அவர்களுள் வக்கம் அப்துல் காதர் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். 1943 ஏப்ரலில் இத்துறையிலிருந்து புறப்பட்ட ஐ-29, மடகாஸ்கருக்கு அப்பால் ஜெர்மானிய யூ-180 கப்பலைச் சந்தித்து, சுபாஷ் சந்திர போஸையும் அவர் துணைவர் ஆபித் ஹசனையும் ஏற்றிக்கொண்டு சுமத்திரா முனையிலுள்ள சபாங்கில் இறக்கிற்று. வேட்டைக் கப்பல் என்றும் விடுதலைக் கப்பல் என்றும் ஒரே துறையின் கலங்களை இருவேறு மக்கள் இருவேறாக நினைவுகூர்வது வியப்பன்று.

வேட்டைக்காரனும் வேட்டையாடப்பட்டான். கலச்சாத்தின் கணக்கைப் பகைவருக்கு எதிராகக் கற்ற ஜப்பானியர், தம் கப்பல்களைக் காப்பதில் அதனைக் கற்கத் தாமதித்தனர். இலங்கையிலிருந்து வந்த ஆங்கில நீர்மூழ்கிகள் பினாங்கின் வாயிலிலேயே காத்துக் கிடந்தன. 1943 நவம்பர் 13 அன்று 'டாரஸ்' ஐ-34 நீர்மூழ்கியையும், 1944 ஜனவரி 11 அன்று 'டாலி-ஹோ' ஜப்பானியக் குரூசர் 'குமா'வையும் துறைக்கு அருகிலேயே மூழ்கடித்தன. 1944 அக்டோபரில் இந்தியாவிலிருந்து பறந்து வந்த விமானங்கள் துறைவாயிலில் கண்ணி வெடிகளை விதைத்தன. ஜெர்மானியர் பினாங்கை விட்டு ஜாவாத் துறைகளுக்கு நகர்ந்தனர்.

அதற்குச் சற்று முன், செப்டம்பர் 23 அன்று, ஐரோப்பாவிலிருந்து பல திங்கள் கடலோடி வந்த யூ-859, பினாங்கை அணுகும் வேளையில் 'டிரெஞ்சண்ட்' என்னும் ஆங்கில நீர்மூழ்கியின் டார்பிடோவால் அழிந்தது. மாலுமிகள் 67 பேரில் 47 பேர் மாண்டனர். ஜப்பானியரின் ஆயுதத் தொழிலுக்காக அது சுமந்து வந்த பாதரசம் ஏறத்தாழ 31 டன். அதில் 12 டன் 1972-இல் கடலடியிலிருந்து எடுக்கப்பட்டுச் சிங்கப்பூர் சேர்ந்தது. அது யாருடைய உடைமை என்னும் வழக்கு அங்குள்ள உயர் நீதிமன்றத்திற்கு வந்தது.